அலுமாரித் தாளின் கடைசி வரி

2006 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஜெர்மனியின் ஹம் நகரில் ரயில் பாதையை ஒட்டிய அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு ஏறிச் சென்றேன். சிவகௌரி அக்கா இறந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. அவர் வீட்டின் ஓர் அறையில் ஒன்றரை ஆண்டு வாடகைக்கு இருந்தவள் நான். வீட்டைக் காலி செய்ய உதவும்படி அவருடைய ஒரே மகன் அபிராம் கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வந்து என்னை அழைத்திருந்தார்.

மின்சாரம் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது. ஜன்னலில் எஞ்சியிருந்த சாம்பல் வெளிச்சமும் நெடுநேரம் நிற்காது என்று தெரிந்தது.

"வாரும், நிருபமா. அம்மா ஒரு தயிர் டப்பாவைக்கூட எறிஞ்சதில்லை. நூறுவரைக்கும் எண்ணிப்போட்டு விட்டிட்டன்," என்று அபிராம் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தையல் மெஷினும் மற்றதுகளும் திங்கட்கிழமை பழைய சாமான் வண்டியில போகுது. சாரங்காவுக்குச் சொல்லத் தேவையில்லை."

சாரங்கா கீழ்மாடியில் தனியாக வசிப்பவர். நோயுற்ற சிவகௌரி அக்காவைப் பதினொரு மாதம் குளிப்பாட்டி, உணவூட்டிப் பார்த்துக்கொண்டவர். நோயாளியிடம் நைச்சியமாகப் பேசிச் சாமான் சேர்க்கப் பார்த்தவள் என்று எங்கள் ஊர்த் தமிழர் கூடும் ஊன்ட்றொப் கோவிலில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பழிக்குக் காரணம் நான்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கைம்பெண்கள் எழுதிவைத்த உயில்களே என் ஆய்வுப் பொருள். கம்பளிப் போர்வை தங்கை மகளுக்கு, பித்தளைச் சட்டி பணிப்பெண்ணுக்கு என்று நீளும் அப்பட்டியல்களில், வரலாறு பதிவு செய்யாத பெண்களின் குரல் கேட்கிறது என்பது என் வாதம். சிவகௌரி அக்கா இதைக் கேட்டுவிட்டு, "செத்துப்போன வெள்ளைக்காரிகளின்ர சட்டிபானையை எண்ணவோ, பிள்ளை, இவ்வளவு படிச்சனீர்?" என்று கேலி செய்வார்.

ஆனால் ஒருநாள் அவரே கேட்டார்: "என்ரையையும் எழுதும். எனக்குக் கை நடுங்குது."

தையல் மெஷின், மயில்நீலச் சேலை, விருந்தாளிக்கு எடுக்கும் ஆறு பித்தளைச் செம்பு, எல்லாம் சாரங்காவுக்கு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அடியில் அவர் கையெழுத்திட்டார். நான் படித்த உயில்கள் அப்படித்தான் உருவாயின: சாகக் கிடக்கும் பெண் சொல்வாள், அண்டை வீட்டார் எழுதுவார், அவள் அடையாளமிடுவாள்.

"நோட்டாரிட்டை ஒரு டெர்மின் எடுப்பமோ?" என்று, உயில் பதியும் சட்ட அலுவலரிடம் நேரம் வாங்குவதைப் பற்றிக் கேட்டார். "முத்திரை குத்தினால் பிறகு ஒருத்தரும் ஒண்டும் சொல்ல ஏலாது."

"வேண்டாம் அக்கா. இதுவே போதும்," என்றேன்.

சட்ட அலுவலரின் மொழியில் அவர் குரல் அழிந்துவிடும் என்று அஞ்சினேன். என் ஆய்வின் இறுதி இயலுக்கு அந்தக் குரல் தேவைப்பட்டது. பிரதி ஒன்றை அன்றிரவே எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவர் இறந்த பிறகு அந்தத் தாளை நீதிமன்றத்தில் ஒப்படைத்தேன். அங்கிருந்து கடிதம் வந்தது. ஜெர்மனியில் நோட்டார் இல்லாமல் எழுதப்படும் உயில் முழுவதும் இறந்தவரின் கையாலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பிறர் எழுதியது செல்லாது. அபிராம் என்னிடம் கேட்டார்: "இது உம்மட எழுத்து. அம்மா சொன்னதெண்டு நான் எப்படி நம்புறது?" அந்தச் சந்தேகமே கோவில்வரை போய்ச் சாரங்கா மீது பழியானது. நோட்டாரைப் பற்றி நான் அவரிடமும் சொல்லவில்லை, சாரங்காவிடமும் சொல்லவில்லை.

அபிராம் பெட்டிகளுடன் கீழே இறங்கினார். நான் சமையலறை அலுமாரியிலிருந்து தட்டுகளை எடுத்து அடுக்கினேன். தட்டுகளின் கீழே சிவகௌரி அக்கா விரித்திருந்த வெள்ளைத் தாள் வெறுமையாக இருந்தது. அதை நான் நன்றாகப் பார்த்தேன். அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

சிவகௌரி அக்கா தினமும் தேய்த்துக்கொண்ட கோடாலித் தைலத்தின் மணம் வந்தது.

முதலில் மெலிதாக. பிறகு, தைலம் தேய்த்த ஒருவர் என்னைக் கடந்து போனதுபோல.

அலுமாரிக்குள் ஏதோ உராய்ந்தது. எலி என்று எண்ண விரும்பினேன். ஆனால் அது சற்று ஓடியது, நின்றது, மூச்சு வாங்கியது, மீண்டும் ஓடியது.

பேனா.

கதவைத் திறக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. திறந்தபோது ஒலி நின்றிருந்தது. தாள் முழுவதும் நடுங்கிய எழுத்துகள்.

"சிவகௌரி ஆகிய நான் என்ர கையால் எழுதுறன். தையல் மெஷின் சாரங்காவுக்கு. மயில்நீலச் சேலை சாரங்காவுக்கு. ஆறு செம்பும் சாரங்காவுக்கு. அவள் ஒண்டும் கேட்டவள் இல்லை."

அதன் கீழே, தாளின் விளிம்பில், இன்னும் ஒரு வரி:

"நோட்டாரிட்டைப் போவம் எண்டனான். வேண்டாமெண்டது ஆர்?"

விரலால் தொட்டேன். மை ஈரமாக இருந்தது.

படிக்கட்டில் அபிராமின் காலடி கேட்டது. அந்தக் கணத்தில் நான் செய்ததை எந்தக் கோட்பாட்டாலும் நியாயப்படுத்த இயலாது. கடைசி வரியை மட்டும் கிழித்து, கசக்கி, வாயில் போட்டு விழுங்கினேன்.

அபிராம் அந்தத் தாளைப் பலமுறை படித்தார். "இது அம்மாவின்ர எழுத்துத்தான்," என்றார். "எப்ப எழுதினவ?"

"தெரியாது," என்றேன்.

அன்று மாலையே அவர் பொருள்களையெல்லாம் தன் கையால் சுமந்து சென்று, சாரங்காவின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். மறுநாள் கோவிலிலும் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னாராம். சாரங்காவின் பெயர் மீண்டது. எனக்கு மட்டும் தொண்டையில் மையின் கசப்பு இறங்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை சாரங்காவின் வீட்டுக்குச் சென்றேன். தேநீர் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நோட்டார்கிட்ட போகலாம்னு அவங்க கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். என்னாலதான் உங்களுக்கு அந்தப் பேச்சு."

அவர் அதிரவில்லை.

"தெரியும்."

"யார் சொன்னாங்க?"

"அதை ஏன் எனக்குச் சொல்லுறீர்? நீர் மறுமொழி சொல்ல வேண்டிய ஆள் நானில்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏழு நாளா ஒரே கேள்விதான் கேக்கிறா. அந்தப் பிள்ளை ஏன் வேண்டாமெண்டது, ஏன் வேண்டாமெண்டது எண்டு. எனக்குத் தெரியாதெண்டு சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்."

எழுந்து சென்று உள்ளறைக் கதவைச் சற்றே திறந்தார்.

"நீரே போய்ச் சொல்லும்."

உள்ளே திரைகள் மூடியிருந்தன. அந்த இருட்டில் கட்டில் மெல்ல முனகியது. யாரோ, எனக்கு இடம் விட்டு, சற்றுத் தள்ளி அமர்ந்தார்கள்.