ஊசித் திருகில் கால் சுற்று

விமானம் இரண்டாவது முறையும் விழுந்தது.

புல்லில் கிடந்த அதை எடுக்க அப்பா நடந்து போனார். முதல் முறை ஓடினார். பொடிசு அவர் பின்னாலேயே போனாள். பத்து வயதாகியும் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்தான்.

இடது இறக்கை கிழிந்திருந்தது. ஆறு மாதமாக அப்பாவும் அவளும் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒட்டிய இறக்கை.

"டேப் எடு," என்றார் அப்பா.

மாதிரி விமானப் போட்டியில் ஒவ்வொரு வீட்டாருக்கும் மூன்று வாய்ப்பு. மைதானத்தை மூன்று முறை சுற்றி இறங்க வேண்டும். மூன்றாம் வாய்ப்பில் பறந்தால் பாதி மதிப்பெண்தான். கோப்பை ஏற்கெனவே கை நழுவியிருந்தது. இனி பறந்தால் போதும்.

பெரியப்பா கைகட்டி நின்றிருந்தார். இந்த என்ஜின் அவருடையது. அவருடைய மாதிரிப் படகில் ஓடி ஐந்து கோப்பைகள் வாங்கித் தந்தது. அதன் மேல்மூடியை மட்டும் மாற்றி, அப்பா விமானத்தில் பொருத்தியிருந்தார்.

"திருகை இன்னும் இறுக்கு," என்றார் பெரியப்பா. "எண்ணெய் குறையக் குறையத்தான் வேகம். நம்ம வீட்டு என்ஜின்னா ஊருக்கே கேக்கணும்."

கார்புரேட்டரில் இருக்கும் ஊசித் திருகைத்தான் சொன்னார். என்ஜினுக்குள் எரிபொருளாக எவ்வளவு எண்ணெய் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது அது.

"போன தடவையும் இறுக்கினோமே, அண்ணா."

"பத்தலை."

அப்பா கிழிசலில் டேப்பை ஒட்டினார். "இந்தத் தடவையும் விழுந்தா இதோட முழுக்கு. எல்லாத்தையும் கட்டிப் பரண்ல போட்டுடறேன்," என்றார்.

அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று பொடிசுக்குத் தோன்றியது. கோபம் இரண்டு நாளில் போய்விடும். இது அப்படி இல்லை.

அவள் என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் இருக்கும்போது அது நன்றாக அலறியது. இரண்டு தடவையும் விமானம் மூக்கைத் தூக்கியதும்தான் நின்றது.

"பெரியப்பா, ஒரு உதவி. எனக்குக் கையில பலம் பத்தாது. என்ஜின் ஓடும்போது மூக்கு வானத்தைப் பாக்கற மாதிரி பிடிச்சுக்கிறீங்களா?"

"எதுக்கு?"

"என்ன ஆகுதுன்னு பாக்கத்தான்."

அப்பா என்ஜினைக் கிளப்பினார். பெரியப்பா விசிறிக்குப் பின்னால் நின்று விமானத்தை இறுகப் பிடித்து, மெல்ல நிமிர்த்தினார். மூன்று எண்ணுவதற்குள் அலறல் மெலிந்து, நின்றே போனது.

"இன்னொரு தடவை," என்றார் பெரியப்பா.

மறுபடியும் நின்றது.

அடுத்து அவர்கள் முறை என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

"படகுக்கு நீங்க வச்சது சரிதான் பெரியப்பா," என்றாள் பொடிசு. "படகு மூக்கைத் தூக்காது. இது தூக்குது. அப்போ எண்ணெய் மேல ஏறி வரணும். நாம ஏற்கெனவே கொஞ்சூண்டுதான் விடறோம். அதுவும் வராம பட்டினி கிடக்குது."

பெரியப்பா அவளைப் பார்க்கவில்லை. திருகையே பார்த்தார்.

"எவ்வளவு திறக்கணும்?"

"கால் சுற்று. திரும்ப நிமிர்த்திப் பாத்துக்கலாம்."

அவரே திறந்தார். அப்பா மறுபடி என்ஜினைக் கிளப்பினார். அலறல் போய் ஒரு கரகரப்பு வந்தது. வால் வரைக்கும் புகை. விமானத்தை நிமிர்த்தினார். என்ஜின் குரலைக் கொஞ்சம் உயர்த்தியது. நிற்கவில்லை.

"கேக்கவே அசிங்கமா இருக்கு," என்றார் பெரியப்பா.

"ஆமா," என்றாள் பொடிசு.

அவர் திருகிலிருந்து கையை எடுத்தார். "இருக்கட்டும்."

விமானம் ஓடி எழும்பியது. மூக்கு உயர்ந்ததும் பொடிசு கண்களை மூடிக்கொண்டாள். சத்தம் இப்போது நிற்கும், இதோ நிற்கும் என்று காத்திருந்தாள். கண்ணைத் திறந்தபோது விமானம் மரங்களுக்கு மேலே திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா ரிமோட்டோடு அதன் பக்கமாகத் திரும்பினார்.

இரண்டாவது சுற்றில், பக்கத்து மேசையில் தன் விமானத்தை வைத்திருந்த போட்டியாளர் சிரித்தார். "என்னங்க, உங்க என்ஜினுக்கு ஜலதோஷமா?"

பெரியப்பா விமானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது சுற்றையும் முடித்து, புகை கக்கிக்கொண்டே விமானம் தரையில் சக்கரம் பதித்தது. அப்பா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின்தான் பெரியப்பா பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினார்.

"ஜலதோஷம்தான்," என்றார். "எங்க வீட்டுப் பொண்ணு வரவழைச்ச ஜலதோஷம்."