பின்னிருக்கையின் எடை

எடை அளவை ஆய்வாளராக முப்பத்தோராண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற அவரைக் கடைக்காரர்கள் எல்லாரும் கிராம் சார் என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் பணிப்பதிவேட்டோடு ஏதோ ஓர் அலுவலக அலமாரிக்குள் போய்விட்டது. தராசு ஒரு கிராம் தவறினாலும் பூட்டி முத்திரையிட்டுவிடுவார். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்ததில்லை. தனியே வாழும் வீட்டிலும் அப்பழக்கம் அவரை விடவில்லை. தேயிலையை நிறுத்துப் போடுவார். கதவிடுக்கை அடிக்கோலால் அளப்பார். எந்தப் பொருளையும் அளந்து முடித்த பிறகே அதனோடு பழகுவார்.

ஆகவே, நெடும்பயணத்திற்கென்றே செய்யப்பட்ட அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிய மறுநாட்காலையில், அதைத் துடைப்பதற்கும் முன்பாக அளக்கத் தொடங்கினார். நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தரையைத் தொடாத நிலையில், அச்சிலிருந்து வால்விளக்கின் அடிவரை ஓர் அளவு. இறக்கி, சுவரோரம் நிமிர்த்தி நிறுத்தி, யாரும் ஏறாத நிலையில் மற்றோர் அளவு. தன் எடையால் வண்டி ஒரு விரற்கடை தாழ்வது இயல்பு. கையேடும் அவ்வாறே கூறியது. இதுவோ மூன்று விரற்கடை தாழ்ந்திருந்தது. பின்னிருக்கையில் ஒருவர் ஏறி அமர்ந்தால் எவ்வளவு தாழுமோ, அவ்வளவு.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று குறித்துக்கொண்டார். அவருக்கு அவசரம் இருந்தது. மலைப்பக்கத்து ஊரொன்றில், இரண்டு நாள் பயணத் தொலைவில், அவருடைய மகள் வசித்தாள். பணியின் கடைசி ஆண்டில் மனைவியின் உயிர் பிரிந்த வேளையில் அவர் ஏதோ ஒரு சந்தையில் தராசுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். மகள் அதை மன்னிக்க மூன்றாண்டுகள் பிடித்தன. இப்பொழுதுதான், பிறந்து ஆறு மாதமான பேரனைப் பார்க்க வருமாறு வாய் திறந்து அழைத்திருந்தாள். சனிக்கிழமை புறப்படுவதாக வாக்களித்திருந்தார்.

சனிக்கிழமைக்கு முன் இருந்த நான்கு நாள்களில் பெரும்பகுதி முற்றத்துக் கொட்டகையிலேயே கழிந்தது. தகரக் கூரைமேல் மழை விட்டுவிட்டுத் தட்ட, பெட்ரோல் வாசனைக்கும் கிரீஸ் வாசனைக்கும் நடுவில் அவர் பழைய செயினைக் கழற்றினார். கறுத்துப்போயிருந்த பிரேக் எண்ணெயை வடித்தார். கண்ணாடித் தடுப்பின் கீறல்களைத் தேய்த்துத் தேய்த்து மங்கச் செய்தார். அந்த வாசனைகளுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: நெடுநேரம் உறங்கியவர் உடுத்திய துணியின் வாசனை. இருக்கை உறையைச் சோப்பு நீரால் மூன்று முறை கழுவினார். காய்ந்ததும் அந்த வாசனை திரும்பி வந்தது.

ஸ்பிரிங்கைக் கழற்றி அளந்தார். நீளம் கையேட்டில் உள்ளபடியே இருந்தது, தளர்ச்சி இல்லை. மறுபடி பூட்டினார், ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். பின்புறம் மெல்ல, ஒரு பெருமூச்சுப் போல ஓசையிட்டு, மூன்று விரற்கடை தாழ்ந்தது.

அளவில் பிழையென்றால் எடையில் தேடவேண்டும். வியாழக்கிழமை முற்பகலில் வண்டியைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிச் சென்றார். கடைக்காரர் அவரைக் கண்டதும் இரு கைகளையும் உயர்த்தினார்.

"ரிட்டயர் ஆகியும் என் தராச விடமாட்டீங்களா சார்? போன மாசந்தான் புது ஆபீசர் வந்து சரியா இருக்குன்னு முத்திர போட்டாரு. மனுசன் சிரிச்சாரு கூட. உங்க காலத்துல அதெல்லாம் ஏது?"

"உன் தராச நம்பித்தான்யா வந்திருக்கேன். ஏத்து."

மேடைத் தராசில் வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு இருவரும் விலகி நின்றனர். கையேட்டின்படி இருநூற்று முப்பத்தொரு கிலோ காட்டவேண்டும். இருநூற்று எண்பத்தொன்பது காட்டியது.

"பொட்டிக்குள்ள கல்லு கில்லு வச்சிருக்கீங்களா சார்?"

பக்கப் பெட்டிகள் இரண்டையும் திறந்து காட்டினார். ஒன்றுமில்லை.

"அப்ப என் தராசுதான் கெட்டுப்போச்சு. போடுங்க பூட்ட. பழைய பகையத் தீத்துக்குங்க," என்று சிரித்தார் கடைக்காரர்.

கிராம் சார் சிரிக்கவில்லை. எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இருநூற்று எண்பத்தொன்பது. சற்றே குறைந்தது. மறுபடி ஏறியது. இரும்பையோ மூட்டையையோ ஏற்றினால், இரண்டு நொடிகளில் எண் அசையாமல் நின்றுவிடும். முப்பத்தோராண்டுகளில் ஒருவகைச் சுமை மட்டுமே இவ்வாறு ஏறி இறங்கி அவர் கண்டிருக்கிறார். சந்தையில் ஆடுகளை நிறுக்கும்போது. மூச்சு விடுவதால்.

ஐம்பத்தெட்டு கிலோ.

வீடு திரும்பியதும், வண்டியை விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தார். விற்றவர் தனியாக வாழும் தையற்காரர். ஒப்படைத்த அன்று சாவியை நீட்டியதோடு சரி, வண்டியைத் தொடவே இல்லை.

"வண்டி கனமா இருக்கா சார்?" என்று தையற்காரரே முதலில் கேட்டார்.

"ஆமா. பின்னாடி ரொம்பத் தாழுது."

"வீட்ல நீங்க மட்டுந்தானா?"

"ஆமா. ஏன்?"

மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடுவது நின்றது.

"நானும் அப்படித்தான் இருந்தேன். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. பின் ஸ்பிரிங்க மட்டும் இறுக்காதீங்க. ஆடுனா ஆடட்டும். அதுக்கு வசதி பண்ணிக் குடுத்துராதீங்க."

"எதுக்கு?"

இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

தொழில் தெரியாதவர் பேச்சு என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். தவறான அளவு ஒன்று கண்ணெதிரே இருக்க, அதை அப்படியே விட்டுவிடுவது அவருடைய பிறவிக் குணத்திலேயே இல்லை. அந்த எடை எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. வந்த எடைக்கு ஏற்ப ஸ்பிரிங்கை அமைப்பது முறையான வேலை. வெள்ளிக்கிழமை பிற்பகல், ஸ்பேனரை மாட்டிச் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு. ஐந்தாவது சுற்றில் வண்டி நிமிர்ந்தது. அளந்தார். மிகச் சரி.

மழை ஓய்ந்து மாலை வெயில் சாய்ந்திருந்தது. வெள்ளோட்டம் பார்க்கப் புறப்பட்டார்.

இயந்திரம் சீராக முனகியது. ஈரச்சாலை சக்கரங்களுக்கடியில் துணி கிழிவது போல ஒலித்தது. ஆளில்லாத கிடங்குகளும் மூடிய பட்டறைகளும் இருபுறமும் நழுவி ஓடின. பிரேக்கை அழுத்தியபோது முதுகில் ஏதோ பதிந்தது, வேகமெடுத்தபோது விலகியது. வளைவில் அவர் சாய்ந்தபோது அதுவும் உடன் சாய்ந்தது; முன்னே உந்தாமல், எதிர்த்து இழுக்காமல், பழகிய பயணி சாய்வதுபோலச் சாய்ந்தது. மனைவி அவ்வாறு அமரத் தெரியாதவள். ஒவ்வொரு வளைவிலும் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பாள். நான்காவது வளைவில், தாம் பேசிக்கொண்டு வருவதை உணர்ந்தார். மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஊரின் பெயரை. தெருவை. வீட்டு வாசலின் நிறத்தை.

வாயை மூடிக்கொண்டார். கழுத்தின் பின்புறம் சூடாக இருந்தது. காற்று எதிரிலிருந்துதான் வீசியது.

திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தார். கொட்டகையில் நிறுத்தி இறங்கினார். இறங்கியதும் வண்டியின் பின்புறம் உயர்ந்தது. உயர்ந்தது, உயர்ந்துகொண்டே போய், ஸ்பிரிங் முழுதும் விரிந்து நின்றது. அடிக்கோலை எடுத்து அளந்தார். சுமை ஏதுமில்லை. வெறும் வண்டி. இருக்கையை முகர்ந்தார், சோப்பு வாசனை மட்டுமே வந்தது.

போய்விட்டது.

சிறு பிள்ளைபோல அவருக்குச் சிரிப்பு வந்தது. நாளை விடியலில் புறப்படலாம். விளக்கை அணைத்துவிட்டு, மழையில் ஊறிய முற்றத்து மண்ணைக் கடந்து வீட்டை நோக்கி நடந்தார். முழங்கால்கள் வலித்தன, வயதாகிவிட்டது. தோள்கள் கனத்தன; பழக்கமில்லாத பயணம். வாசலை அடைந்து விளக்கைப் போட்டுத் திரும்பியபோதுதான் மண்ணைப் பார்த்தார்.

வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போன தடங்கள் ஒரு வரிசை. கொட்டகையிலிருந்து வந்த தடங்கள் ஒரு வரிசை. இரண்டும் அவருடைய செருப்புத் தடங்கள்தாம். வேறு எவருடைய தடமும் இல்லை.

குனிந்து, அடிக்கோலை ஊன்றினார். போன தடத்தின் ஆழம் ஆறு மில்லிமீட்டர்.

வந்த தடத்தின் ஆழம் பதினொன்று.

நிமிர முயன்றார். மெதுவாகவே முடிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மார்பு அசையவில்லை. முதுகில் மட்டும் ஏதோ ஏறியது. இறங்கியது. ஏறியது.

சட்டைப்பையில் தொலைபேசி ஒலித்தது. மகள்.

"அப்பா, வண்டி ரெடியா? நாளைக்குக் கெளம்பிடுவீங்கல்ல?"

"ம்."

"இங்க ஒருத்தர் உங்க மடியில உக்காரணும்னு காத்துக்கிட்டு இருக்காரு. பேரனையும் நிறுத்துப் பாத்துட்டுத்தான் தூக்குவீங்களா?"

"எவ்வளவு இருக்கான்?"

"ஏழு கிலோ எழுநூறு. இருங்க, அவன் சத்தத்தக் கேளுங்க."

குழந்தை எச்சில் நிறைந்த வாயால் ஏதோ சொல்லிச் சிரித்தது. அப்பொழுது அவர் தோள்மேல் இருந்த கனம் இடம் மாறியது. வலப்பக்கமாக, தொலைபேசி இருந்த காதுப்பக்கமாக, மெல்லச் சாய்ந்தது. நன்றாகக் கேட்பதற்காகச் சாய்ந்தது.

"நான் வரலம்மா," என்றார்.

"என்னப்பா? நாளைக்கு வரலையா?"

"நாளைக்கு மட்டுமில்ல. எப்பவும் வரல. நீங்களும் இங்க வராதீங்க."

"நீங்க மாறவே மாட்டீங்கல்ல," என்று சொல்லி மகள் வைத்துவிட்டாள்.

அவர் தொலைபேசியின் பின்மூடியைக் கழற்றி, சிம் அட்டையை உருவி, இரண்டாக ஒடித்தார். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். இரவு உணவுக்கு அரிசியை ஒருவருக்கு மட்டுமே அளந்து போட்டார். தம்மேல் ஏறியது பிறர்மேல் ஏறிவிடாதபடி, இனி எவரையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்.