அண்ணன் கொடுத்தது

மார்ச் 9, ஞாயிறு. வடிகட்டியை மாற்றியபின் பம்பை மறுபடி ஓடவிட மறந்து, சாப்பிடப் போய்விட்டேன். தப்பு என்னுடையதுதான். சிறுநீரகம் வீணாகியிருக்கும்.

நாளின் தவறு முதலில், மறுநாள் வேலை கடைசியில். மாலை வகுப்பில் படித்த காலத்தில் அவளிடம் ஒட்டிக்கொண்ட நாட்குறிப்புப் பழக்கம். முதல் பாதியை எழுதி நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ சொட்டியது.

விடுமுறை நாள். ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஸ்பிரிட்டும் ரப்பர் கையுறையும் கலந்த வாசனையும், அதற்கு அடியில் ஈர இரும்பைப் போன்ற இன்னொரு வாசனையும் எப்போதும் உண்டு; குளிர்பெட்டியின் முனகலும் பம்பின் துடிப்பும் சேர்ந்ததுதான் அங்கே அமைதி என்பது. இப்போது துடிப்பு இல்லை. அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு, நிதானமாக, சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

யாருக்கும் பொருத்த முடியாது என்று மருத்துவர்கள் ஒதுக்கிய சிறுநீரகங்கள் அவளிடம் வரும். கண்ணாடித் தொட்டியில் வைத்து, ரத்தம் போன்ற திரவத்தை உடல்சூட்டில் பம்பால் செலுத்தினால், அவை சில மணி நேரம் வேலை செய்யும். குழாய் வழியாகக் குடுவைக்குள் சிறுநீர் சொட்டும். பம்பு நின்றால் எல்லாம் நின்றுவிடும். சிறுநீரகம் சாம்பல் பூத்துச் சுருங்கிவிடும்.

தொட்டியில் இருந்தது சிவந்து பளபளத்தது.

கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் அவள். குழாயில் தேங்கியது வடிகிறது போல என்று குழாயைக் கழற்றி உதறி மாட்டினாள். சொட்டியது. உண்மையில் பம்பை ஓடவிட்டுவிட்டுத்தான் போனோமோ என்று அதன் சுவிட்சைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. திரவம் உள்ளே போகும் குழாயையே இடுக்கியால் நெரித்து அடைத்தாள்.

சொட்டியது.

போன் அடித்தது. அண்ணன்.

"என்ன பாப்பா, என் ஆள் எப்படி இருக்கான்?"

தன் சிறுநீரகங்களில் ஒன்றை அவளுக்குக் கொடுத்த நாளிலிருந்து அவன் தினமும் கேட்கும் கேள்வி. வந்தவர் போனவர் முன்னாலும் கேட்பான். "உப்பை அள்ளிப் போட்டுக்காதே, அது என் கிட்னி" என்பான், எல்லோரும் சிரிப்பார்கள். அவள் முகம் சுண்டினால் அம்மா, "விளையாட்டுக்குத்தானே சொல்றான்? உசிரைக் குடுத்தவன், ரெண்டு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?" என்பாள். அவள் என்ன படிக்கலாம், யாரோடு பழகலாம், எப்போது வீடு திரும்பலாம் என்ற எல்லாவற்றிலும் அந்தச் சிறுநீரகத்துக்கு ஓர் ஓட்டு இருந்தது.

வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. நாளைக் காலை ரயில். இன்று காலை, மாத்திரைகளை விழுங்கிய கையோடு, அதைச் சொன்னாள். அண்ணன் கத்தவில்லை. சிரித்தான்.

"தாராளமா போ. என்னோடது மட்டும் இங்கயே இருக்கட்டும்."

இப்போதும் அதே சிரிப்பு போனில் கேட்டது. "தண்ணி குடிக்கிறியா ஒழுங்கா?"

"குடிச்சேன் அண்ணா. வேலையா இருக்கேன்."

வைத்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. பாட்டில் பாட்டிலாகக் குடித்திருக்கிறாள். ஆனால் காலையில் கேட்ட அந்தச் சிரிப்புக்குப் பிறகு, இந்த நிமிடம் வரை, ஒருமுறைகூடச் சிறுநீர் கழிக்கப் போகவில்லை. போகவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

குடுவையை எடுத்து விளக்கில் பிடித்தாள். பளீரென்ற மஞ்சள். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்ட அன்று வருமே, அந்த மஞ்சள். பம்பின் திரவத்தில் அந்த மாத்திரை கிடையாது. காலையில் அதை விழுங்கியது அவள்.

இருக்காது. சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். உட்கார்ந்து காத்திருந்தாள்.

சொட்டு நெருங்கியது. இன்னும் நெருங்கியது. கம்பியாக ஒழுகியது.

பொருத்திய சிறுநீரகம் முதுகுப்பக்கம் இருக்காது. அடிவயிற்றின் வலப்பக்கம், தோலுக்குக் கீழேயே, உள்ளங்கைக்குத் தட்டுப்படும். தூக்கத்தில்கூட அவள் கை அங்கேதான் கிடக்கும்.

சட்டையை விலக்கிக் கையை வைத்தாள்.

தழும்பு இருந்தது. அழுத்தினாள். விரல்கள் உள்ளே போயின. போய்க்கொண்டே இருந்தன.

வலி இல்லை.

குழி.

தொட்டிக்குள் அது ஏறி இறங்கியது. அவள் மூச்சுக்கு ஏற்றபடி என்று நினைத்தாள். மூச்சைப் பிடித்தாள்.

அது நிற்கவில்லை. சிரிப்பை அடக்குகிறவனின் தோளைப் போல, குலுங்கிக்கொண்டே இருந்தது.

அவள் பேனாவை எடுத்தாள்.

நாளை: ரயில் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும். அண்ணனிடம் சிறுநீரகத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும்.