எகிறாத கோடு

காலை 9.50. மருந்துக் கிடங்குக்கு மேலே இருந்த மாடி அறையில் நான்கு வருட உழைப்பு சுத்தியலடி பட்டு மேசைமேல் நொறுங்கிக் கிடந்தது. ஊதிய மூச்சை முகர்ந்தே, அறிகுறி தெரியுமுன் சிறுநீரக நோயைச் சொல்லிவிடும் கருவி. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டியது. அதைக் கண்டுபிடித்த இளைஞன்தான் முதலில் உள்ளே வந்து பார்த்தவன்.

10.40. பெண் இன்ஸ்பெக்டர் பாலிஷ்காரனை வரவழைத்து வாசலிலேயே நிறுத்தினார். இவன் அந்த இளைஞனோடு மூன்று வருடமாகக் குடும்பம் நடத்துகிறவன். மர சாமான்களுக்கு வார்னிஷ் அடிப்பது தொழில். கிட்டே வந்ததுமே இன்ஸ்பெக்டர் இரண்டு தும்மல் போட்டார். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத வாடை அது.

எல்லா வம்புக்கும் அந்த வாடைதான் காரணம். கருவி அறைக்காற்றையும் ஓயாமல் முகர்ந்து, காகிதச் சுருளில் ஊதா மையால் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பிறந்தநாளன்று இவன் கேக்கும் கையுமாக உள்ளே வந்தான். கோடு எகிறி, இரண்டு நாள் வேலை பாழாயிற்று. அன்றிலிருந்து சாப்பாட்டுப் பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவதோடு சரி. கூடச் சேர்ந்து கருவி செய்த கூட்டாளியோ தினம் பத்து மணி நேரம் உள்ளே. அவர்கள் சிரிப்பது படிக்கட்டுவரை கேட்கும். இவனுக்கு வயிறு எரியும்.

"நேத்து இங்க வந்து சத்தம் போட்டீங்களா?"

"போட்டேன். நானா, அந்த மிஷினான்னு கேட்டேன்."

"இன்னைக்கு?"

"ஒன்பது மணிக்குப் பையை மாட்டிட்டுப் போயிட்டேன்."

"சாவி?"

"இருக்கு."

பூட்டு உடையவில்லை. சாவி மூன்றே மூன்று. இளைஞன் எட்டரை முதல் ஒன்பதே முக்கால்வரை ஆஸ்பத்திரியில் இருந்ததற்கு ஆள் சாட்சி உண்டு. திருகாணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்ததாகக் கூட்டாளி கண்கலங்கச் சொன்னான். பாலிஷ்காரன்தான் என்று கான்ஸ்டபிள் முடிவே கட்டிவிட்டார். இளைஞன் மட்டும் மூச்சு விடவில்லை. பாலிஷ்காரன் அவனையே பார்த்தான். காலையில் தான் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை. அதன் பையில் அதற்குள் ஊதாக் கறை.

12.15. சுருளின் நுனி கிழிந்திருப்பதை இன்ஸ்பெக்டர் தடவிப் பார்த்தார். இன்றைய கோடு எங்கே என்றார். உடைத்தவன் கிழித்திருப்பான் என்றான் கூட்டாளி.

"தம்பி, உங்க சட்டைப் பையில இருக்கிறதை எடுங்க," என்றார் இளைஞனிடம், கறையைக் காட்டி.

நாலாக மடித்த காகிதம் வெளியே வந்தது. எட்டு மணியிலிருந்து 9.20வரை கோடு ஒரே மட்டமாகப் போய், அங்கே அறுந்திருந்தது.

"இவர் வாசல்ல நின்னதுக்கே நான் தும்மினேன். உள்ள வந்திருந்தா கோடு எகிறியிருக்கும். எகிறல. மிஷினுக்குப் பழகின ஆள்தான் வந்திருக்கார். அது நீங்க," என்று கூட்டாளி பக்கம் திரும்பினார்.

கூட்டாளி மறுக்கவில்லை. பரிசோதனை முடிந்ததும் பாலிஷ்காரனோடு வேறு ஊருக்குக் குடிபோவதாக இளைஞன் முந்தின நாள்தான் அவனிடம் சொல்லியிருந்தான்.

"உடைஞ்சா இன்னும் ஒரு வருஷமாவது இந்த ரூம்ல என்கூட இருப்பான்னு நினைச்சேன்," என்றான்.

பாலிஷ்காரனுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. தன்னைப் பிடித்த பொறாமைதான் அவனையும் பிடித்திருந்தது. கான்ஸ்டபிள் அவனைக் கீழே கூட்டிப்போனார்.

"பேப்பரைப் பார்த்ததுமே உனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றான் பாலிஷ்காரன் இளைஞனிடம்.

"அவனைக் காட்டிக்கொடுக்க மனசு வரல. உன்னை எப்படியும் விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

"அவனுக்காகப் பயந்திருக்க. எனக்காகப் பயப்படல. இத்தனை நாளா எனக்கு வெறும் சந்தேகம்தான் இருந்துச்சு."

இளைஞன் கையைப் பிடித்தான். பாலிஷ்காரன் விடுவித்துக்கொண்டு படியிறங்கினான். தெருமுனையில் நின்று, வீடு மாற்றப் பேசியிருந்த வேன்காரருக்குப் போன் போட்டான். பெரிய வண்டி வேண்டாம், ஒரு ஆள் சாமான்தான் என்றான்.