மேலே என்றால் எங்கே?

ஏணியில் ஏறி வண்டிவீட்டின் கூரையைப் பார்த்ததும் பட்டாணி அப்படியே நின்றுவிட்டாள். மாமா ஒட்டியிருந்த பக்கம் தப்பாக இருந்தது.

பட்டாணி என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பாள், அதனால். இன்றோ அவள் அசையவே இல்லை.

காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போவதற்காக, அப்பா பலகைகளால் ஒரு வண்டிவீடு கட்டியிருந்தார். படுக்கை, ஜன்னல், கதவு எல்லாம் தயார். சுவரும் கூரையும் சேரும் மூலைகளில் மட்டும் இடுக்கு இருந்தது. அதை மூடத் தண்ணீர் புகாத ஒட்டுப்பட்டை வாங்கி வந்தார். சுவரோரம் ஒன்று, கூரையோரம் ஒன்று என இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்ட வேண்டும். இடப்பக்கம் அப்பாவுக்கு, வலப்பக்கம் அம்மாவின் தம்பியான மாமாவுக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

விடிந்தால் ஏரிக்கரைக்குப் பயணம். ஆனால் அம்மா கறாராகச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தாள். "வந்ததும் கூரை மேல தண்ணி ஊத்திப் பார்ப்பேன். ஒரு சொட்டு உள்ள வந்தாலும் நான் வரமாட்டேன்."

அம்மா வரும் நேரம் ஆகிவிட்டது.

அப்பாவின் பக்கத்தில், சுவர்ப் பட்டையை மூடியபடி கூரைப் பட்டை இறங்கியிருந்தது. மாமாவின் பக்கத்தில் எல்லாம் தலைகீழ். கூரைப் பட்டையின் மீது சுவர்ப் பட்டை ஏறி உட்கார்ந்திருந்தது. கூரையில் வழியும் தண்ணீர் நேராக அந்த விளிம்புக்குள்தான் போகும்.

"அப்பா!" என்று கத்த வாயெடுத்தவள், அப்படியே மூடிக்கொண்டாள். போன முறை மாமா சமையலறையில் மாட்டிய அலமாரி பாத்திரங்களோடு விழுந்தது. "நீ கை வச்சாலே விளங்காதுடா" என்று அம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாமா சாப்பிடாமலே கிளம்பிப் போனார். ரொம்ப நாள் இந்தப் பக்கமே வரவில்லை. மாமா இல்லாமல் ஏரிக்கரையில் யாரோடு விளையாடுவது? நினைக்கவே அழுகை வந்தது.

"மாமா, இங்க வாங்களேன்" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

"என்னடி பட்டாணி? ஒரு சுருக்கம் இருக்கா பாரு!" என்று சிரித்தபடி மாமா ஒரு முக்காலியின் மேல் ஏறினார்.

"இல்ல மாமா, ரொம்ப நேரா இருக்கு. ஒரு விளையாட்டு. என் விரல்தான் மழைத்துளி, சரியா?" விரலைக் கூரையில் வைத்து இழுத்தாள். "சறுக்கிட்டு வர்றேன்... வர்றேன்..."

சுவர்ப் பட்டையின் விளிம்பில் நகம் இடித்து நின்றது.

"இப்ப நான் எங்க போவேன்?"

மாமாவின் சிரிப்பு மெல்ல மறைந்தது. "உள்ள."

இரண்டு பட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அத்தான், 'கூரைப் பட்டை மேலே, சுவர்ப் பட்டை கீழே'ன்னுதானே சொன்னார்? கூரை மேலதானே இருக்கு!"

"அது ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டுற மேலே, மாமா."

மாமாவின் முகம் தொங்கிப் போனது. "போச்சு. அக்கா வந்தா என் மானமே போயிடும். நான் கிளம்பறேன்."

பட்டாணி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பிரிச்சு ஒட்டலாமா?"

"பிரிச்சா பலகையோட பெயர்ந்து வரும்."

அவள் மறுபடி விரலைச் சறுக்கிப் பார்த்தாள். விளிம்பில்தான் இடிக்கிறது. விளிம்பையே மறைத்துவிட்டால்?

"மாமா! இந்த விளிம்பை மூடி இன்னொரு பட்டை ஒட்டுனா, மழைத்துளி அது மேல சறுக்கிப் போயிடும்ல?"

மாமா தன் விரலையும் சறுக்கிப் பார்த்தார். "போயிடும்! ஆனா மிச்சப் பட்டை அத்தான்கிட்டதானே இருக்கு? எதுக்குன்னு கேப்பாரே..."

"ரெண்டு பேருமே போவோம்."

மாமா மென்று விழுங்கி எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னார்.

"கூரை மேலதான் இருக்கும்னு யாருக்குத்தான் தெரியாது?" என்று அப்பா தலையில் தட்டிக்கொண்டார். "அதைப் போய்ச் சொல்லியிருக்கேனே! இந்தாங்க மச்சான், சீக்கிரம். அவ வந்துடுவா."

தூசியைத் துடைத்தார்கள். மாமா ஒட்ட ஒட்ட, பட்டாணி கட்டைவிரல் சிவக்கச் சிவக்க அழுத்தினாள். கடைசி ஓரத்தை அழுத்தும்போதே வாசல் கதவு கிறீச்சிட்டது.

அம்மா வண்டிவீட்டுக்குள் ஏறினாள். அப்பா கதவை வெளியே தாழிட்டு, ரப்பர் குழாயைத் திருப்பினார். கூரையில் தண்ணீர் சடசடவென்று கொட்டியது. மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்தக் கடைசி ஓரத்தைச் சரியாக அழுத்தினோமா என்று பட்டாணி எட்டி எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி!"

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "எ... என்னக்கா?"

"தண்ணிதான் வரலன்னா காத்துகூட வரமாட்டேங்குதே! வேர்த்துக் கொட்டுது, கதவைத் திறடா!"

ஓடிய வேகத்தில் மாமா ஏணியைத் தட்டிவிட்டார். அது தடாலென்று விழுந்தது. இந்த முறை மாமாவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.