புது முகத்துக்கு ஒரு கையெழுத்து

"இங்க பாரு… மத்தியானச் சாப்பாட்டை டிப்போ கேட்டுலயே குடுத்துட்டுப் போயிடு. யாராச்சும் கேட்டா என் அக்கான்னு சொல்லு!"

காலை ஏழு மணிக்குக் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல் ஸ்டோர்கீப்பர் இப்படிச் சொன்னார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றாமல் நின்றாள் அவர் மனைவி.

"அக்காவா… நானா?"

"போன வாரம் லீவுல இருந்தப்ப புது கிளார்க் பார்க்க வந்தான்ல? உன்னைக் காட்டி 'அம்மாவா சார்?'னு கேட்டான். அக்கான்னு சொல்லிக் காப்பாத்தி வச்சிருக்கேன்!"

அவருக்கு வயது ஐம்பத்தேழு. பேருந்துப் பணிமனையில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதற்கு இளமை எதற்கு என்று எந்த போல்ட்டும் கேட்கவில்லை. ஆனாலும் மனிதர் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு அழகு கிளினிக்கில் போய் மல்லாந்துவிட்டார். நெற்றியில் பதினெட்டு ஊசி, கன்னத்தை உப்ப வைக்க மருந்து, கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளுக்குக் கத்தி, தாடையைத் தூக்கிக் கட்ட நூல்! இழுத்த இழுப்பில் கண்ணை மூடினால் வாய் திறந்துகொண்டது.

இந்த யோசனை கூடவே குடியிருக்கும் அவர் தங்கையுடையது. முகக் கிரீம் விற்பவள்.

"அண்ணி, உங்க மூஞ்சியாலதான் அண்ணனுக்கு வயசு தெரியுது! ராத்திரி படுக்கறப்ப கொஞ்சம் கிரீமாவது தடவிக்கக் கூடாதா?"

"படுத்தாத்தானே தடவறதுக்கு? உன் காலேஜுக்காக நான் வேலைய விட்டேன்… உன் பிரசவத்துக்கு நாப்பது நாள் கண் முழிச்சேன். இந்தக் கருவளையம் எல்லாம் உங்க வீட்டுல வாங்கினதுதான்டி!"

கணவர் ஏதாவது சொல்வாரென்று பார்த்தாள். அவர் புருவத்தைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தார். முப்பது வருஷக் குடும்பம்… மனைவி என்ற பேர்கூட மிச்சமில்லையா? கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைக் கழுவினாள்.

ஒன்பதரைக்குப் போன் அலறியது. "உடனே வாயேன்… என்னை உள்ள விட மாட்டேங்குறாங்க!"

முகத்தைப் பார்த்து வருகை பதியும் இயந்திரம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'இவர் யாரென்று தெரியவில்லை' என்று சிவப்பு விளக்குப் போட்டுவிட்டதாம். ஒருமுறை இரண்டுமுறை அல்ல, நாற்பத்தாறு முறை! மெக்கானிக்குகள் ஸ்பேனரைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

மேனேஜர் விதியை நீட்டினார். புது முகத்தைப் பதிய வேண்டுமென்றால், மனைவி நேரில் வந்து 'இவர்தான் அவர்' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் மூச்சிரைக்க வந்து நின்றதும் கிளார்க் குறுக்கே பாய்ந்தான். "சார், இவங்க அவரோட அக்கா! அக்கா கையெழுத்து செல்லாது!"

"யாருய்யா இவங்க?" மேனேஜர் ஸ்டோர்கீப்பரைக் கேட்டார்.

சுற்றிலும் அத்தனை கண்கள். வேலை போனாலும் வயது தெரியக்கூடாதே! வெட்கங்கெட்ட நாக்கு புரண்டது.

"அ… அக்கா சார்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு மேனேஜரிடம் திரும்பினாள்.

"சார், இப்ப எனக்குச் சந்தேகமே இல்ல. காதைப் பாருங்க, ரெண்டும் மிளகாய்ப் பழமாச் சிவந்திருக்கு. பொய் சொன்னா இப்படித்தான் ஆகும்… முப்பது வருஷமாப் பார்க்குறேன். இது என் புருஷன்தான்!"

பணிமனையே அதிரச் சிரித்தது. ஸ்டோர்கீப்பர் உடைந்துபோனார்.

"என் பொண்டாட்டி சார்… சத்தியமா என் பொண்டாட்டிதான்! ஐயோ, என்னை மன்னிச்சிடும்மா…!"

கண்ணீர் கொட்டியது. முகத்தில் ஒரு சுருக்கம் விழ வேண்டுமே! குளியலறைச் சுவரில் தண்ணீர் வழிகிற மாதிரி வழிந்தது.

அவள் தாளை வாங்கினாள். உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று கட்டத்துக்கு வெளியே போகுமளவுக்குப் பெரிதாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

"வா, வீட்டுக்குப் போலாம்…" என்று கையைப் பிடித்தார். மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நீங்க வேலையப் பாருங்க. நான் மக வீட்டுக்குப் போறேன். ஊசி மருந்து நாலஞ்சு மாசத்துல இறங்கிடுமாமே… என் புருஷனோட மூஞ்சி திரும்பி வந்ததும் போன் பண்ணுங்க. அந்த மூஞ்சி வந்து மன்னிப்புக் கேட்டா யோசிக்கிறேன். இந்த மூஞ்சிகிட்ட எனக்கென்ன பேச்சு?"