வெயில் படாத கட்டைகள்

மூன்று நாளாக மலையில் வெயிலே இல்லை. அப்படி இருந்தும் ஞானராஜ் கொண்டுவந்து கொடுத்த பேட்டரிக்கட்டை சுட்டது.

அடுப்போரம் வைத்து எடுத்த சூடு இல்லை. வெயிலில் கிடந்த கடப்பாரையைத் தொட்டால் சுருக்கென்று ஏறுமே, அதுவும் இல்லை. அடைக்கோழியை ஒதுக்கிவிட்டு அடியில் கையை விட்டால் முட்டை ஒரு சூடு சுடும். உயிர்ச்சூடு. அந்தச் சூடு. ஸ்தனிஸ்லாஸ் கட்டையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிப் பார்த்தார்.

"எதுலடா காய வெச்ச?"

"காய வெக்க வெயிலுக்கு எங்க மாமா போறது? மழையில நனையுமேன்னு கல்லு வூட்டுக்குள்ள வெச்சேன். ஓட்டையில கைய உட்டா உள்ள ஒரு திட்டு இருக்கு. வெச்சதும் யாரோ வாங்கிக்கிட்ட மாதிரி வாகா உக்காந்துக்கிச்சு." சொல்லிவிட்டு ஞானராஜ் சிரித்தான். சிரிக்கும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு கைகளை அக்குளுக்குள் சொருகினான். மழைக்குளிர் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சித்தேரிக்கு மேலே, பஸ் போய்த் திரும்புகிற இடத்திலிருந்து மூன்று மைல் தள்ளி, ரோடு போட அளக்கிற வேலைக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். ரெண்டு கூடாரம், ஒரு கருவிப் பெட்டி, அரிசி மூட்டை, புதர் வெட்டக் கொடுவாள். எண்பத்தாறாம் வருசம், ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டதும் சர்வேயர் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். வெறித்ததும் வருவதாகச் சொன்னார். கருவிப் பெட்டிக்குக் காவலாக ஸ்தனிஸ்லாஸை இருக்கச் சொன்னார்கள். பாறை உடைத்து, மூட்டை தூக்கி, நாற்பத்தைந்து வயசுக்குள் எழுபது வயசு முதுகு வாங்கி வைத்திருந்த மனுசனுக்கு, சும்மா உட்கார்ந்து காவல் காப்பது என்றால் கசக்கவா செய்யும். சரி என்றார். மச்சான் ஞானராஜும் கூடவே தங்கிவிட்டான்.

அவரிடம் அவர் சம்சாரம் மிக்கேலம்மாள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. இண்டூர் பஸ் நிற்கிற இடத்தில், தம்பி காதில் விழாமல் கேட்டாள். "எனக்குப் பொறந்த வூடுன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தாங்க. கூட்டிக்கிட்டுப் போறீங்க, கூட்டிக்கிட்டு வந்து உட்டுருங்க." அதற்கென்ன என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஞானராஜுக்குப் பாட்டு இல்லாமல் ஆகாது. தர்மபுரியில் அன்வர் பாஷா கடையில் ரெண்டாங்கையாக வாங்கிய டூ-இன்-ஒன் ரேடியோவைத் துணியில் சுற்றித் தலையில் வைத்து மலை ஏற்றியிருந்தான். அதற்கு நாலு கட்டை. டார்ச்லைட்டுக்கு மூன்று. கட்டை தீர்ந்தால் வாங்கக் கடை கிடையாது. அதனால் எல்லாரும் செய்கிறதையே அவனும் செய்தான். கட்டையைப் பல்லால் ஒரு கடி, கல்லால் ஒரு தட்டு, பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் கிடத்தல். ஒரு மணி நேரம் பாட்டு வரும். ஏழைக்கு அதுதான் கரண்டு.

அதற்குத் தோதாகக் கூடாரத்துக்குப் பின்னாலேயே ஒரு கல் வீடு இருந்தது. யார் எப்போது கட்டினது என்று ஒருத்தருக்கும் தெரியாது. நாலு பக்கமும் ஆள் இடுப்பு உயரத்துக்குப் பலகைக்கல் நட்டு, மேலே ஒரு பெரிய கல்லை மூடிபோலப் போட்டிருந்தார்கள். கிழக்குப் பார்த்த கல்லில் மட்டும் வட்டமாக ஒரு ஓட்டை. தலை நுழையும், தோள் நுழையாது. மேல்கல் வெயிலில் தோசைக்கல்லாகக் காயும். கட்டைகளை வரிசையாக அதன்மேல் அடுக்கிவிட்டு ஞானராஜ் வேலைக்கு வருவான்.

மலைக்காரர் மாதேஸ்வரன், இவர்களுக்குத் தண்ணீரும் விறகும் கொண்டுவருகிறவர், முதல் நாளே பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கல்லு மேல எங்காளுங்க துணிகூடக் காயப் போட மாட்டாங்க."

"நாங்களும் துணி காயப் போடலீங்களே," என்றான் ஞானராஜ். எல்லாரும் சிரித்தார்கள். மாதேஸ்வரன் சிரிக்கவில்லை. மேலே வைத்தாலும் வைங்க, உள்ளே மட்டும் எதையும் வைக்காதீங்க, வைத்தால் எடுக்காதீங்க என்று சொல்லி விறகை இறக்கிவிட்டுப் போனார்.

அதை ஸ்தனிஸ்லாஸ் மறக்கவில்லை. மறந்ததாக வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஏனென்றால் கட்டை சுட்ட அன்றைக்கு இருட்டினதும் டார்ச்சை அமுக்கினார். அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததே இல்லை. கட்டை லைட்டு என்றால் மஞ்சளாக எரியும். இது வெள்ளை. எதிர்ச் சரிவில் நின்ற மரத்தின் பட்டை வெடிப்பு தெரிந்தது. ரேடியோவில் சிலோனும் பெங்களூரும் பக்கத்துத் தெருவில் பாடுகிறமாதிரி கேட்டன. கரடி நடமாடுகிற மலை, ரெண்டே பேர், கூடாரத்துணியில் மழை அடித்துக்கொண்டே இருக்கிறது. அவர் லைட்டை அணைக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். விடிகிறவரை எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அடுத்த ரெண்டு நாளில் எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் அதை இல்லை என்று சொல்ல முடியவில்லை.

காலையில் ஞானராஜ் எழுந்திருக்க நேரமானது. டீயைக் கொதிக்கக் கொதிக்க, ஊதாமல், ஒரே மூச்சில் குடித்தான். உதடு சுடவில்லையா என்று கேட்டதற்கு, சுட்டால் தேவலை மாமா என்றான். காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். ஓடைக்கல்லைத் தொட்டமாதிரி இருந்தது. அப்படியும் அவன் தள்ளாடிப் போய்க் கட்டைகளைத் திரும்பவும் ஓட்டைக்குள் வைத்துவிட்டு வந்தான். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்னொரு ராத்திரிக்கு வெளிச்சம் வேண்டுமே.

அந்த ராத்திரி பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்டது. ஞானராஜ் அடுப்பை ஒட்டி, தன் கம்பளி, அவர் கம்பளி, ரெண்டையும் போர்த்திக் கிடந்தான். தீ அவன் கைக்கு நாலு விரல் தள்ளி எரிந்தது. கை மயிர் பொசுங்குகிற நாற்றம் வந்தது. அவன் கையை இழுக்கவில்லை. அவர்தான் பாய்ந்து இழுத்துவிட்டார். அந்தக் கை அப்போதும் ஜில்லென்று இருந்தது.

மறுநாள் பகலெல்லாம் அவன் எழுந்திருக்கவில்லை. மழை விடவில்லை. கட்டைகளை அன்றைக்கு யாரும் ஓட்டைக்குள் வைக்கவில்லை, ஆனாலும் ரேடியோ பாடியது. மச்சானுக்குப் பாட்டாவது கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார். அவன் நெஞ்சு அமுங்கிக்கொண்டே போனது. உதடு வெளுத்தது. பயந்துபோய், என்னடா என்று கேட்கக் குனிந்தவர் கை பட்டு ரேடியோ அணைந்தது. அவன் ஒரு பெருமூச்சு இழுத்தான், குளத்துக்குள்ளிருந்து வெளியே வந்தவன்போல.

திரும்பவும் போட்டார். நெஞ்சு அமுங்கியது.

அணைத்தார். மூச்சு வந்தது.

மூன்றாந்தரம் போட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

மாதேஸ்வரன் வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. கூடாரத்துக்குள் தலையை நீட்டி, கிடப்பவனைப் பார்த்து, பிறகு ரேடியோவைப் பார்த்தார். உள்ளே வைத்து எடுத்தீங்களா என்று கேட்டார். ஸ்தனிஸ்லாஸ் ஆமென்று தலையை ஆட்டினார். மாதேஸ்வரன் ஒரு விறகை எடுத்துத் துணி சுற்ற ஆரம்பித்தார்.

"நான் போயி ரெண்டாளக் கூட்டிக்கிட்டு டோலி கொண்டாறேன். வரலைன்னா இருட்டறதுக்குள்ள நீங்களே தூக்கிக்கிட்டு எறங்கிருங்க. பந்தம் ஒண்ணு கட்டி வெச்சிட்டுப் போறேன், அதைக் கொளுத்திக்குங்க. அந்த லைட்டு மட்டும் வேண்டாங்க."

"இவனுக்கு என்னாங்க ஆவும்?"

மாதேஸ்வரன் பந்தத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நாலு மணியானது. ஐந்தானது. கீழே ஓடை இரைகிற சத்தம் பெருத்துக்கொண்டே வந்தது. டோலி வரவில்லை. கருவிப் பெட்டி எக்கேடாவது கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு, மச்சானை முதுகில் ஏற்றிக் கம்பளியால் மூட்டைபோலக் கட்டிக்கொண்டார். ரேடியோவைத் தொடவில்லை. டார்ச்சை மட்டும் இடுப்பில் சொருகினார். எரிக்கமாட்டேன், சும்மா இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூட்டை தூக்கிப் பிழைத்தவனுக்குப் பாரம் பேசும். முழித்திருக்கிற ஆளின் எடை ஒரு மாதிரி. அவன் நம் தோளைப் பிடிப்பான், நம் நடைக்குத் தானும் சாய்ந்து கொடுப்பான். தூங்குகிறவன் எடை வேறு. ஞானராஜ் முதுகில் கிடந்த எடை அந்த ரெண்டாவதையும் தாண்டியிருந்தது. ஆனால் காதோரம் மூச்சு இருந்தது. ஈரமாக, குளிர்ந்து, ஆனாலும் மூச்சு.

அரை மைல் போவதற்குள் பந்தம் மழையில் உஸ்ஸென்று செத்தது.

இருட்டு. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் பள்ளம், நடுவில் ஆள் அகலத்துக்குத் தடம். நனைந்த மண் வாசனையும் அணைந்த பந்தத்தின் எண்ணெய்ப் புகையும் மூக்கில் ஏறின. பாறையைத் தடவித் தடவிப் பத்தடி போனார். பதினோராவது அடியில் கால் வைத்த கல் உருண்டு பள்ளத்துக்குள் போனது. அது விழுகிற சத்தம் வருமென்று காத்திருந்தார். வெகுநேரம் கழித்து வந்தது.

டார்ச்சை எடுத்தார்.

அமுக்கினதும் தடம் முழுவதும் பகலாகத் தெரிந்தது. காதோரம் மூச்சு நின்றது.

அணைத்தார். மூச்சு வந்தது.

ஒரு மங்களவார்த்தை செபம் சொல்லி முடிக்கிற நேரம் வெளிச்சம். அதற்குள் தடத்தை மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு இருட்டில் நடக்க வேண்டும். அப்படித்தான் போனார். ஒவ்வொரு தரமும் முதுகில் குளிர் இன்னும் கொஞ்சம் இறங்கியது, எலும்பு வரைக்கும். ஒவ்வொரு தரமும் மூச்சு திரும்பி வர இன்னும் கொஞ்சம் நேரமானது. பாதி செபத்தில் அணைத்தார். கால் செபத்தில் அணைத்தார்.

கீழே, வெகு கீழே, மாதேஸ்வரன் ஊர் விளக்கு ஒன்று தெரிந்தது. நாய் குரைத்தது.

"வந்தாச்சுடா மச்சான். உங்கக்காகிட்ட கொண்டுபோயி உட்டுருவேன். தூங்காத."

மூச்சுக்குப் பதில் வேறு ஒன்று கேட்டது. மெல்லிசாக. ரேடியோவில் ஒரு ஸ்டேஷனுக்கும் இன்னொரு ஸ்டேஷனுக்கும் நடுவில் முள் நிற்கும்போது வருகிற இரைச்சல். ரேடியோவை மேலே விட்டுவிட்டு வந்திருந்தார். இரைச்சல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அவன் வாய் இருக்கிற இடத்தில்.

ஸ்தனிஸ்லாஸ் டார்ச்சின் மூடியைத் திருகினார். மூன்று கட்டையும் கையில் விழுந்தன, சுடச்சுட. ஒவ்வொன்றாகப் பள்ளத்துக்குள் வீசினார். பின்னாலேயே டார்ச்சையும் வீசினார்.

போதும். இனி வெளிச்சமே வேண்டாம். தவழ்ந்தாவது போய்விடலாம்.

இரைச்சல் நின்றது.

முதுகில் சூடு வந்தது.

முதலில் தோள்பட்டைகளுக்கு நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு. பிறகு முதுகு முழுக்க. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாதாவே, மாதாவே என்று முனகிக்கொண்டே நடந்தார். முதுகில் கிடந்த பாரம் அசைந்தது. கைகள் மெல்ல எழுந்து அவர் தோளைப் பிடித்தன. முழித்திருக்கிறவன் பிடி. அவர் நடைக்கு அதுவும் சாய்ந்து கொடுத்தது.

ஒரு இருபது அடி அப்படிச் சந்தோசமாகப் போனார்.

அப்புறம்தான் அந்தச் சூடு எது என்று முதுகுக்குத் தெரிந்தது. அடைகாத்த முட்டை. ஓட்டைக்குள் இருந்து வந்த கட்டை. அதே சூடு.

அவர் விரல்நுனி மரத்தது. பிறகு விரல். பிறகு மணிக்கட்டு.

கம்பளி முடிச்சை அவிழ்த்துவிடலாம். ஒரே இழுப்பு. கை முடிச்சு வரைக்கும் போனது. கூட்டிக்கிட்டு வந்து உட்டுருங்க. கை அங்கேயே நின்றது.

கீழே நாய் குரைப்பதை நிறுத்தியது.

தடம் தெரிந்தது. ஒவ்வொரு கல்லும், கல்லுக்குப் பின்னால் அதன் நிழலும், மழைக்கம்பிகளும். வெள்ளையாக. வெளிச்சம் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. வெகு பக்கத்திலிருந்து.

அவர் திரும்பவில்லை. நடந்தார். எதிரே தடத்தில் அவர் நிழல் நீளமாக விழுந்து அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. தோளுக்கு மேலே ரெண்டு தலை. ஒன்று குனிந்திருந்தது.

இன்னொன்று மெல்ல நிமிர்ந்து, வாயைத் திறந்தது. தடம் இன்னும் வெளுத்தது.